தடியை மட்டும் பார்க்கும் சட்டம்

சட்டத்தையும் ஒரு கதையைப் போல வாசிக்க வேண்டும். யாரை மனசில் வைத்து எழுதினார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கேட்க வேண்டும். மந்தைவெளியில் உட்கார்ந்து நான் அப்படி வாசித்தது ஒரே ஒரு பிரிவு. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 522. 1973 சட்டத்தில் 456. 2023இன் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 502. எண்தான் மாறியது, சாரம் மாறவில்லை.

அடித்தோ மிரட்டியோ ஒருவரை நிலத்தைவிட்டு விரட்டியவன் தண்டிக்கப்பட்டால், நிலத்தைத் திருப்பித் தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். 'லாம்'தான். தகுமென்று தோன்றினால். விசாரணை நீதிமன்றத்துக்கு அதுவும் ஒரு மாதத்துக்குள். முதலில் தண்டனை, அப்புறம்தான் நிலம். தண்டனை வாங்குவது என்ன பாடு என்று சேரியில் கேளுங்கள்.

இந்தப் பிரதிக்குத் தெரிந்த பலப்பிரயோகம் தடியும் அரிவாளும்தான். எங்க நிலம் தடியால் மட்டுமா போச்சு? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் அரசாணை வந்து பஞ்சமி நிலம் கிடைத்தது. தலித் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் கடனுக்குப் போச்சு, கைநாட்டுக்குப் போச்சு. அடிக்கவே வேண்டாம், 'நாளைக்கும் எங்கிட்டதானே கூலிக்கு வரணும்' என்ற ஒரு பேச்சு போதும். அந்தப் பேச்சு எந்தப் பிரிவில் வரும்? திருப்பிக் கேட்டபோதுதான் துப்பாக்கி வந்தது. காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் சுட்டு மாண்டார்கள்.

அரசே விரட்டினால்? 2022 மே மாதம், இங்கிருந்து நடக்கிற தூரத்தில், பக்கிங்காம் கால்வாயோரம் கோவிந்தசாமி நகர் வீடுகளை நீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தார்கள். ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். உத்தரவோடு வருகிற புல்டோசர் சட்டத்தின் கண்ணில் பலப்பிரயோகமே இல்லை. பறிபோன இடத்தை ஆறு மாதத்துக்குள் கேட்கும் வழியை 1963 குறித்தவகைத் தீர்வுச் சட்டம் தருகிறது. அரசின்மேல் அந்த வழக்கும் செல்லாது.

ஒரு வரி மட்டும் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம்ம நிலத்தை அபகரிப்பதையே குற்றம் என்றது, தடியைத் தேடவில்லை. அதன் 1995 விதிகளின் அட்டவணை, தேவையான இடத்தில் நிலத்தை அரசு செலவில் மீட்டுத்தர வேண்டும் என்கிறது. தண்டனை வரும்வரை காத்திரு என்று சொல்லவில்லை. வழக்கு நடத்தும் தோழர்கள் 'அவனைத் தண்டி' என்பதோடு நிறுத்தக் கூடாது. 'நிலத்தைக் கொடு' என்பதை முதல் மனுவிலேயே எழுத வேண்டும்.