திறக்காதவர் பட்டியல்

போன வருஷம் ஒரு தப்பு செய்தேன். கல்வெட்டுகளைப் பற்றி மாதம் ஒருமுறை நான் அனுப்பும் மின்னஞ்சல் கடிதத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அனுப்புவதற்கு நான் பயன்படுத்தும் சேவை ஒருநாள் ஒரு யோசனை சொன்னது: இன்னின்னார் ஆறு மாதமாக எதையும் 'ஓப்பன்' செய்யவில்லை, பட்டியலைச் சுத்தம் செய்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினேன். 41 பேர் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து போன். "என்ன தம்பி, கடிதமே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என் கடிதங்களை ஒன்று விடாமல் அச்செடுத்து ஃபைலில் கோத்து வைத்திருப்பவர் அவர். நான் கூட்டித் தள்ளிய 41 பேரில் ஒருவர்.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்ய வைத்தது ஒரு சொல். அதிலிருந்துதான் மின்னஞ்சல் விளம்பரத் துறையின் கலைச்சொற்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

'ஓப்பன் ரேட்' என்றால் என்ன? நூறு பேருக்கு அனுப்பினால் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படி இல்லை. ஒருவர் கடிதத்தைத் திறந்தாரா என்பதை அனுப்பியவர் தெரிந்துகொள்ள மின்னஞ்சலில் நம்பகமான நேரடி வழி கிடையாது. அதனால் கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை ஒளித்து வைக்கிறார்கள். ஒரே ஒரு பிக்சல் அளவு, பெரும்பாலும் நிறமே இல்லாதது. ஒவ்வொருவருக்கும் அந்தப் படத்தின் முகவரி வேறு. யாருடைய படம் சர்வரிலிருந்து இறங்கியதோ அவர் 'திறந்தார்' என்று கணக்கில் ஏறுகிறது. ஆக, எண்ணப்படுவது படம் இறங்கியதுதான். வாசிப்பு அல்ல, திறப்புகூட அல்ல.

நம் ஆசிரியர் டேட்டாவை மிச்சம் பிடிக்கப் படங்களை அணைத்து வைத்திருக்கிறார். அவர் வரிவரியாகப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதினாலும் கணக்கில் பூஜ்யம்தான். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பைச் சேர்த்தது. அதை இயக்கிவிட்டால், நீங்கள் கடிதத்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் படங்களைப் பின்னணியில் செயலியே இறக்கி வைத்துக்கொள்ளும். படிக்காமல் குப்பைக்கு அனுப்பியவரும் 'திறந்தவர்' ஆகிவிட்டார். படித்தவர் படிக்காதவர், படிக்காதவர் படித்தவர். இவ்வளவு ஆன பிறகும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. 'படம் இறங்கிய விகிதம்' என்று பெயர் வைத்திருந்தால் நான் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்தது 'டபுள் ஆப்ட்-இன்'. இது இன்னும் சாமர்த்தியமான சொல். பக்கத்தில் உங்கள் முகவரியைத் தட்டுகிறீர்கள். 'நீங்கள்தானா, உறுதி செய்யுங்கள்' என்று ஒரு கடிதம் வருகிறது. அதில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால்தான் பட்டியலில் சேருவீர்கள். இதை 'இரட்டைச் சம்மதம்' என்கிறார்கள். கேட்கும்போதே ஏதோ வாடிக்கையாளரை வீணாக இரண்டு முறை அலைக்கழிப்பது போல இருக்கிறதா? அதுதான் விஷயமே. முதல் தட்டலில் சம்மதம் எங்கே இருக்கிறது? என் முகவரியை யார் வேண்டுமானாலும் தட்டலாம். மொய் நோட்டில் யாரோ என் பெயரை எழுதிவிட்டால் நான் மொய் செய்துவிட்டதாக ஆகுமா? பணத்தைக் கையில் கொடுத்தால்தானே மொய். இரண்டாவதாக வரும் சொடுக்குதான் முதல் சம்மதம், அது ஒன்றே சம்மதம். ஸ்பேம்ஹவுஸ் போன்ற எதிர்ப்பு அமைப்புகள் இதை 'கன்ஃபர்ம்டு ஆப்ட்-இன்', அதாவது உறுதி செய்யப்பட்ட சம்மதம் என்று சொல்வது காரணத்தோடுதான். விளம்பரக்காரர்கள் ஒன்றை இரண்டாக எண்ணுகிறார்கள். எண்ணிவிட்டு, ஒன்று போதாதா என்று நம்மையே கேட்கிறார்கள்.

'ஹார்டு பவுன்ஸ்', 'சாஃப்ட் பவுன்ஸ்' பற்றி எனக்குப் புகார் இல்லை. முகவரியே இல்லை என்று திரும்பினால் முதலாவது, பெட்டி நிரம்பியிருக்கிறது பிறகு பார்க்கலாம் என்று திரும்பினால் இரண்டாவது. எதிர்முனை சர்வர் சொல்லும் பதிலில் 5-இல் தொடங்கும் எண், 4-இல் தொடங்கும் எண் என்ற வித்தியாசம் இதற்கு அடியில் இருக்கிறது. நேர்மையான சொற்கள்.

'லிஸ்ட் ஹைஜீன்' அப்படியல்ல. பட்டியல் சுகாதாரமாம். சுத்தம் செய்ய வேண்டும் என்றால் அழுக்கு எது? பதில் சொல்லாத மனிதர்கள். அவர்களை ஒரு கெடு வைத்து நீக்குவதற்கு 'சன்செட் பாலிசி' என்று கவித்துவமாக வேறு ஒரு பெயர். சூரிய அஸ்தமனக் கொள்கை! என் ஆசிரியருக்கு நான் அஸ்தமனம் செய்து வைத்திருக்கிறேன். நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: செத்துப்போன முகவரிகளை அகற்றத்தான் வேண்டும். கைவிடப்பட்ட பழைய முகவரிகள் சில, ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கும் பொறிகளாக மாற்றப்படுகின்றன. அவற்றுக்கு அனுப்பினால் உங்கள் பெயர் கெடும். அது வீட்டுக்காரர் காலி செய்துபோன முகவரி. ஆனால் உயிரோடு, மௌனமாகப் படித்துக்கொண்டிருப்பவரையும் அதே துடைப்பத்தால் கூட்டச் சொல்கிறது இந்தச் சொல்.

இந்த அகராதியில் வாங்குகிறவர் பக்கமிருந்து பிறந்த சொல் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: ஸ்பேம். டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியின் வணிகப் பெயர் அது. 1970-இல் மான்டி பைத்தான் குழுவின் நகைச்சுவைக் காட்சி ஒன்றில், ஒரு சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் அதுவே வந்து நிற்கும். தொல்லை தாங்காத கணினிக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்து ஒட்டினார்கள். அனுப்புகிறவர் எவரும் தன் கடிதத்துக்கு அந்தப் பெயரை வைக்க மாட்டார். அதனால்தான் அது இன்றும் கூர் மழுங்காமல் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்குக் கடும் விதிகள் கொண்டுவந்தபோது, 'ஸ்பேம்' என்று வாசகர் புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அது வாசகர் தன் விரலால் அழுத்திச் சொன்ன எண். பிக்சல் சொன்னது அல்ல.

பழைய அஞ்சல் பட்டியல்களில் நிலைமை வேறாக இருந்தது. 1986-இல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தோமா எழுதிய லிஸ்ட்செர்வ் நிரலில், சேர விரும்புகிறவர் 'சப்ஸ்கிரைப்' என்று தானே எழுதி அனுப்புவார், விலக 'சைன்ஆஃப்'. பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க 'ரிவ்யூ' என்றொரு கட்டளை. எல்லாம் வாசகர் செய்யும் வினைகள். இன்றைய சொற்களைப் பாருங்கள்: 'டார்கெட்', 'செக்மென்ட்', 'நர்ச்சர்', 'ரீ-எங்கேஜ்'. எல்லாம் வாசகருக்குச் செய்யப்படுபவை.

தமிழில் 'சப்ஸ்கிரைப்' என்பதை யூடியூப் 'குழுசேர்' என்கிறது. கிண்டல் செய்யாதவர் இல்லை, நானும் செய்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், லிஸ்ட்செர்வ் காலத்துக்கு அது பொருத்தமான சொல். அங்கே நிஜமாகவே ஒரு குழு இருந்தது, ஒருவர் எழுதினால் மற்றவர் பதில் போடுவார். ஒரு கடை எனக்குத் தள்ளுபடி அறிவிப்பு அனுப்புவதில் எங்கே குழு? நம் சிற்றிதழ்க்காரர்கள் வைத்திருந்த 'சந்தா' தேவலை. காசு வாங்காத கடிதத்துக்குச் சரிவராது, தெரியும். ஆனாலும் சந்தாதாரர் என்றால் 'இதழ் வரவில்லையே' என்று கார்டு போட்டுச் சண்டை பிடிக்கும் உரிமை உள்ளவர் என்ற அர்த்தம் அதற்குள் இருந்தது. ஆசிரியர் எனக்குப் போன் போட்டது அந்த உரிமையில்தான்.

அந்த 41 பேருக்கும் ஒரே ஒரு கடிதம் தனித்தனியாக எழுதிக் கேட்டேன், தொடரட்டுமா வேண்டாமா என்று. மூன்று திரும்பி வந்தன. 19 பேர் வேண்டும் என்று பதில் போட்டார்கள், இருவர் வேண்டாம் என்றார்கள். மற்றவர்களை விட்டுவிட்டேன். ஆசிரியர் இன்னும் படங்களைத் திறப்பதில்லை. போன மாதக் கடிதத்தில் ஒரு சோழர் காசின் எடையைத் தப்பாக எழுதியிருந்தேன், மறுநாள் காலை ஏழு மணிக்கே போன் வந்துவிட்டது.