டர்போ இன்ஜின் மாற்று: பட்டறை மரபுகளும் அளவுகோல்களும்

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ இன்ஜின் மாற்றிப் பூட்டுவது பணக்காரர் விளையாட்டு என்றே நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு இன்ஜினை இறக்கி வேறொன்றை ஏற்றுவது தென்காசிப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் இன்ஜின், அம்பாசடருக்கு வேறு வண்டியின் இன்ஜின் என்று தென்மாவட்ட மெக்கானிக்குகள் ஒரு தலைமுறையாகவே இதைச் செய்துவந்தார்கள். மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைப்பார்கள், அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்தெடுப்பார்கள், புரொபெல்லர் ஷாப்டை அளந்து குறைப்பார்கள். இதைக் கை மரபு என்பேன். காதும் விரலும்தான் அதன் கருவிகள். பழைய டீசல் இன்ஜின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் அந்த மரபு வென்றது.

கோவையில் வளர்ந்தது வேறு வகை மரபு. சென்னைக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்த பந்தயங்கள் அதை வளர்த்தன. அதன் பெரிய பெயர் கரிவர்தன். மாருதி 800 இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டும்படி செய்தவர் அவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அளந்து பூட்டு, பூட்டியதை எழுதி வை, ஓடியபின் மறுபடி அள என்பது இந்த மரபின் ஒழுங்கு. என் மனம் இந்தப் பக்கம்தான்.

மலேசியாவில் இன்னொரு வழி உண்டு. ஜப்பானில் கழித்த காரின் முன்பாதியை அப்படியே அறுத்துக் கப்பலில் கொண்டுவரும் 'ஹாஃப் கட்' வணிகம் அது. இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், ஈ.சி.யு. எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைப்பதால் வேலை சுலபம். ஆனால் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறதென்று திறக்காமல் தெரியாது. திறக்காமலே பூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கிய வண்டி என்றால் அது லான்சர்தான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் கட்டிய மிட்சுபிஷி லான்சரும், லான்சர் எவல்யூஷனின் நான்காம், ஐந்தாம், ஆறாம் பதிப்புகளும் ஒரே தலைமுறை உடல். டாமி மேக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனது எவல்யூஷனில்தான். திருவள்ளூர் காரில் இருந்தது 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். எவல்யூஷனில் இருந்தது 1997 சி.சி. டர்போ, 4ஜி63. ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சவரம்பின்படி 280 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. குடும்பம் ஒன்று என்பதால் ஒன்றின் இன்ஜினை மற்றதில் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் எவல்யூஷன் இன்ஜின் நான்கு சக்கரத்தையும் சுழற்றுகிறது, நம் லான்சர் முன் இரண்டை மட்டுமே. கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஷாப்ட், பிரேக் இவற்றை முதலில் மாற்றாமல் இன்ஜினைத் தொடுவது தவறு.

இன்ஜினைப் புதுப்பிக்கும்போதுதான் மரபுகளின் தரம் தெரியும். ரீபோர் செய்த சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகப் போர் கேஜால் பார்க்கவேண்டும். டர்போவுக்குப் பிஸ்டன் ரிங்கின் முனைகளுக்கு இடையே இடைவெளி கூடுதலாக வேண்டும். 85 மி.மீ. போரில் சாதாரண இன்ஜினுக்குச் சுமார் 0.35 மி.மீ. போதும், டர்போவுக்கு 0.45-ஐத் தாண்டும். வெப்பத்தில் ரிங் விரிந்து முனைகள் முட்டினால் பிஸ்டன் உடையும். பலர் கவனிக்காத இடம் டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் ஷாப்டிலிருந்து நுரைத்து வரும் எண்ணெய், சம்ப்புக்குச் சரிவில்தான் இறங்கும். குழாய் எங்காவது மேலேறி வளைந்தால் எண்ணெய் தேங்கி சீல் வழியே கசியும், நீலம் கலந்த புகை வரும். அதைக் கண்டு டர்போவையே குறை சொல்லி மாற்றுவார்கள். புது டர்போவும் புகைக்கும்.

பெட்ரோல் விஷயமும் முக்கியம். ஜப்பானிய உயர்ரகப் பெட்ரோல் 100 ஆக்டேனை ஒட்டியது. நம் ஊர்ச் சாதாரண பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆக்டேனாகவே இருந்தது. அங்கே அமைத்த இக்னிஷன் டைமிங்கையும் பூஸ்டையும் குறைக்காமல் இங்கே ஓட்டினால் நாக்கிங் வந்து பிஸ்டன் கெடும். காதுக்குக் கேட்பதற்குள் பாதிச் சேதம் முடிந்திருக்கும்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே 4ஜி63 ஏறிய லான்சருக்கு இடம் பந்தயத் தடம்தான். ஆலையிலேயே டர்போவோடு வந்த காருக்கு அதே ரக இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புது இன்ஜின் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றியவர் சாலையில் ஓட்டலாம். அவருக்கு நம் தென்காசிப் பக்கத்துச் சாலைகளைவிடக் கடுமையான தேர்வு கிடையாது. புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஏறும்போது டர்போ இன்ஜினில் வெப்பம் கூடிக்கொண்டே போகும், ரேடியேட்டருக்குக் காற்று வராது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தருவிச் சாலையில் ஊர்ந்தால் இன்டர்கூலரே சூடேறிப்போகும். சாரல் அடிக்கிறதென்று நம்பக்கூடாது, ஈரக்காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் அது முன்புறம் வழியே ஓடினால்தான் பயன். ஃபேன், அதன் உறை, தெர்மோஸ்டாட் மூன்றையும் புதிதாகப் போட்டபின்தான் அந்தச் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகலாம். வெப்பமானியின் முள் ஏறி இறங்காமல் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கி வந்ததும் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, மடிப்புக்குள் மெட்டல் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.