ஒரு டேவுக்கு எத்தனை மைல்?

தொடங்கி வைத்தது டெக்கீலா. தன் பெயரில் ஊருலகத்தில் ஏகப்பட்ட பேர் இருப்பதாக ஆங்கில நகைச்சுவையாளர் டேவ் கோர்மன் சொல்ல, உடன் தங்கியிருந்த டேனி வாலஸ் நம்பவில்லை. பந்தயம் கட்டி, அவர்களைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். முதலில் ஸ்காட்லாந்தில், ஈஸ்ட் ஃபைஃப் கால்பந்து அணியின் துணை மேலாளர். பிறகு கடல் கடந்தும் அலைச்சல். இலக்கு 54 பேர்: சீட்டுக்கட்டில் ஜோக்கர்களோடு சேர்த்துச் சீட்டுக்கு ஒருவர். மேடை நிகழ்ச்சி, 2001இல் பிபிசி தொடர், புத்தகம் என்று அது வளர்ந்தது.

எனக்குப் பிடித்தது நிகழ்ச்சியில் கோர்மன் காட்டும் வரைபடம்தான். ஒரு டேவுக்கு எத்தனை மைல் செலவானது என்று சிரிக்காமல் கணக்குக் காட்டுவார். வெட்டி வேலைக்கு இவ்வளவு ஒழுங்கா! உண்மையில் பெயர் ஒரு சாக்கு. இல்லையென்றால் முன்பின் தெரியாத ஆளுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?