யந்திரம் எறியும் பந்து

அமெரிக்காவின் வடமாநிலங்களில் மைதானங்கள் பனிமூடிக் கிடக்கும் பிப்ரவரி மாதத்தில், பழைய கிடங்குகளின் கூரைக்கடியில் நைலான் வலைகளைத் தொங்கவிட்டு, ஒரு கோடியில் பந்தெறியும் யந்திரத்தையும் மறுகோடியில் மட்டை பிடித்த சிறுவனையோ சிறுமியையோ நிறுத்தி, டோக்கனுக்கு இத்தனை பந்து என்றோ அரைமணிக்கு இத்தனை டாலர் என்றோ கட்டணம் வாங்கும் 'பேட்டிங் கேஜ்' வியாபாரம் மும்முரமாக நடைபெறும். கிரிக்கெட் வலைப்பயிற்சிக்கு இதை ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். பேஸ்பாலோ சாஃப்ட்பாலோ பயிலும் பிள்ளைகளை உடைய பெற்றோர், வீட்டுக்கு அருகிலுள்ள கூண்டுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஆலோசிக்கும்போது, பெரும்பாலும் வாசலில் தொங்கும் வேகப் பலகையைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மணிக்கு 80 மைல் வேகத்தில் எறியும் யந்திரம் 70 மைல் வேகத்தில் எறிவதைவிட உயர்ந்தது என்பது அவர்கள் சித்தாந்தம். அது பரிசீலனைக்கு நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் சற்று வேடிக்கையானது. நான்காம் பரிமாணத்தைப் பற்றி நூல்கள் எழுதிய சார்லஸ் ஹின்டன் என்னும் கணித ஆசிரியர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1897-ஆம் ஆண்டில், வெடிமருந்தின் விசையால் பந்தை உந்தும் ஒரு பீரங்கியைச் செய்து அங்குள்ள பேஸ்பால் அணியின் அப்பியாசத்துக்குக் கொடுத்தார். வெடிமருந்து போய் மின்சாரம் வந்தது; இன்று ஒருவகை யந்திரம் இரும்புக் கையை வில்விசையால் சுழற்றி எறிகிறது, மற்றொரு வகை வேகமாகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கிடையே பந்தைக் கவ்வி உமிழ்கிறது. ஆயினும் எறிபவனின் தோள் நோகாமல் மட்டையாளன் வேண்டிய மட்டும் அடித்துப் பழக வேண்டும் என்ற உத்தேசம் மாறவில்லை. அதை யந்திரம் செவ்வனே நிறைவேற்றுகிறது. முன்காலை ஊன்றி இடுப்பைத் திருப்பும் முறையைப் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, ஒரே இடத்துக்கு ஒரே வேகத்தில் சலியாமல் வந்துகொண்டிருக்கும் பந்தைப்போல உபகாரமானது வேறில்லை.

அந்த உபகாரமே ஒரு கட்டத்துக்குமேல் அபகாரமாகிறது. மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்படும் பேஸ்பால் ஏறத்தாழ 0.4 விநாடியில் மட்டையாளரை வந்தடைவதால், பந்தை இறுதிவரை பார்த்துப் பிறகு தீர்மானிப்பது மனித சாத்தியமன்று. எறிபவரின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அசையும் விதத்திலிருந்தே பந்தின் போக்கை ஊகிக்கக் கண் பழகியிருக்க வேண்டும். இதற்குச் சாட்சியாக 2004-இல் நடந்த ஒரு காட்சிப் போட்டியைச் சொல்லலாம். பேஸ்பாலில் பிற்காலத்தில் 700 ஹோம் ரன்களைக் கடந்த ஆல்பர்ட் புஹோல்ஸையும், அவரைப்போன்றே புகழ்பெற்ற மைக் பியாஸாவையும், ஜென்னி ஃபின்ச் என்ற சாஃப்ட்பால் வீராங்கனை தம் பந்துவீச்சால் வெளியேற்றினார். சாஃப்ட்பாலில் பந்து எறியும்போது இடுப்பருகிலிருந்து சுழன்று வரும் அந்தக் கையை அவர்கள் கண்கள் படித்துப் பழகியவையல்ல. அப்படியிருக்க, ஒரு துவாரத்திலிருந்து திடீரென்று வெளிப்படும் பந்தை ஆயிரம் முறை அடித்தவன், எந்தக் கையைப் படிக்கக் கற்றுக்கொண்டான்?

ஒரேமாதிரியாக வருவதிலும் ஒரு தோஷம் உண்டு. 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஆறு வாரம், வாரம் இருமுறை, 45 பந்துகள் கூடுதலாக எறியப்பட்டன. வேகப்பந்து, வளைபந்து, மெதுபந்து மூன்றையும் வகைக்குப் பதினைந்தாக வரிசைப்படி பெற்றவர்கள் ஏறத்தாழ 25 சதவீதமும், அதே பந்துகளை முன்னறிவிப்பின்றிக் கலந்து பெற்றவர்கள் ஏறத்தாழ 57 சதவீதமும் முன்னேறினார்கள்.

சாஃப்ட்பால் பயிலும் பெண்பிள்ளைகளுக்குப் பல கூண்டுகள் இழைக்கும் அநீதி தனியே பேசத்தக்கது. பேஸ்பாலில் எறிமேடைக்கும் மட்டையாளர் அருகிலுள்ள வீட்டுத்தட்டுக்கும் உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். உயர்நிலைப் பள்ளி, கல்லூரிப் பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலில் அது 43 அடிதான். 43 அடியிலிருந்து 60 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் வந்துவிடும். அதே அவகாசத்தில் பேஸ்பால் வந்துசேர வேண்டுமானால், அதன் வேகம் 84 மைலை ஒட்டியிருக்க வேண்டும். தூரத்தைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் கூறும் பலகை அர்த்தமற்றது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். பேஸ்பாலுக்கென அமைத்த தூரத்திலேயே யந்திரத்தை விட்டுவைத்து, 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை மட்டும் மாற்றிப் போட்டு, 'சாஃப்ட்பாலும் உண்டு' என்று விளம்பரம் செய்யும் இடங்களில் ஒரு பெண் பெறும் பயிற்சி அவள் ஆட்டத்துக்கு உரியதன்று. பந்துகளையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தையலில்லாத, குழிகள் நிறைந்த மஞ்சள் ரப்பர்ப் பந்துகள் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தால், சக்கரப்பிடி வழுக்கி, ஒன்று முழங்காலுக்கும் அடுத்தது முகத்துக்கும் வரும்.

கூண்டுப் பயிற்சியே வீண் என்று வாதிப்பவர்களுக்கு இச்சிரோ சுஸூக்கியின் பால்யம் தக்க மறுமொழி. ஜப்பானில் நகோயாவுக்கு அருகிலுள்ள டொயோயாமாவில், தந்தையுடன் உள்ளூர்ப் பயிற்சிக் கூடத்துக்கு நாள்தோறும் சென்ற அச்சிறுவனுக்கு யந்திரத்தின் வேகம் போதாமற்போகவே, உரிமையாளர் பிரத்தியேகமான வில்விசையைப் பொருத்திக் கொடுத்தார். வேகத்தை மெச்சுவோர் இத்துடன் கதையை நிறுத்திவிடுகிறார்கள். அடிக்கத்தகாத இடத்துக்கு வரும் பந்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று தந்தை விதித்திருந்த நியமத்தை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். 2004-இல் ஒரே பருவத்தில் 262 ஹிட்டுகள் எடுத்து அமெரிக்கச் சாதனை படைத்தவரின் கண், விடுவதிலும் பழகிய கண்.

டோக்கன் முறையோ இந்த நியமத்துக்கு நேர்விரோதமானது. காசு கொடுத்துப் பெற்ற பந்தை அடிக்காமல் விட எந்தச் சிறுவனுக்கு மனம் வரும்? தலைக்கு மேல் வந்தாலும் தரையில் உருண்டாலும் மட்டையை வீசிவிடுகிறான். எதையும் தீர்மானிக்காமலிருக்கும் சுபாவம் கூலி கொடுத்து வளர்க்கப்படுகிறது. நேரத்துக்கு வாடகை விடும் கூண்டிலோ, யந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, 'எல்' வடிவ வலைத்தடுப்புக்குப் பின்னே ஒரு பயிற்சியாளர் நின்று, ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் ஒன்றை வேண்டுமென்றே வெளியேயும் எறிய முடியும். அந்தக் கை சாஃப்ட்பாலுக்குக் கீழிருந்தும் எறியும். ஐந்து வேகங்கள் காட்டி விளக்குகள் மின்னும் கூடத்தைவிட, தரைவிரிப்பு நைந்துபோன இந்த வாடகைக் கூண்டையே நான் தேர்ந்தெடுப்பேன், வலை மட்டும் கிழியாமல் இருக்குமானால்.