கேட்டதில் பெரியது போதுமா?

கோ மொழியின் வெர்ஷன் தேர்வு பற்றி ரஸ் காக்ஸ் 2018 பிப்ரவரியில் எழுதிய தொடரை மறுபடி படித்தேன். இந்த விஷயத்தை இவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் குறைவு. ஆனாலும் ஒரு இடம் இடிக்குது.

விதி எளிமையானது. உங்க ப்ராஜெக்ட் 'அ', 'ஆ' என்ற இரண்டு லைப்ரரிகளைப் பயன்படுத்துது. இரண்டுக்கும் அடியில் 'இ' இருக்கு. 'அ' குறைந்தது 1.2 கேட்கிறது, 'ஆ' 1.5 கேட்கிறது. 1.9 வந்திருந்தாலும் கோ எடுப்பது 1.5தான். கேட்டதில் பெரியது, அதைத் தாண்டாது. என்பிஎம்மில் '^1.2' என்று போட்டால், லாக் ஃபைல் இல்லாத இடத்தில் 1.9 வந்து உட்கார்ந்துவிடும்.

அதன் விலை 2022 ஜனவரியில் தெரிந்தது. கலர்ஸ் லைப்ரரியை எழுதியவரே அதில் முடிவில்லாத லூப் ஒன்றை வைத்து வெளியிட்டார். அமேசானின் சிடிகே கருவியைப் புதிதாக நிறுவியவர்களின் திரையில் குப்பை எழுத்துகள் ஓடின. கருவியை எழுதியவர்கள் சோதிக்கும் முன்பே பயனர்களிடம் போய்ச் சேர்ந்த வெர்ஷன் அது. இந்த வழியை காக்ஸின் விதி அடைக்கிறது. பாதுகாப்புத் திருத்தமும் தானாக வராதுதான், ஆனால் அந்தப் பேரம் எனக்குச் சம்மதம்.

இடிப்பது வேறு. 1.5-ஐ 'ஆ' எழுதியவர் சோதித்திருப்பார், சரி. 'அ' எழுதியவர்? அவர் 1.2 வைத்துப் பார்த்ததோடு சரி. 'அ'வும் 1.5-ம் சேர்ந்து ஓடுவதைப் பார்க்கும் முதல் ஆள் பல நேரம் நீங்கதான். இந்த ஓட்டையை காக்ஸ் ஒரு ஒப்பந்தத்தால் மூடுகிறார்: பழையதை உடைத்தால் இம்போர்ட் பாதையையே மாற்றணும். ஒப்பந்தம் சோதனை ஆகாது. பக் ஒன்றைச் சரிசெய்தாலே, தெரியாமல் அந்தப் பக்கை நம்பியிருந்தவன் விழுவான்.

வேடிக்கை என்னன்னா, மருந்து கோ மொழியிலேயே இருக்கு. 'கோ டெஸ்ட் ஆல்' என்று கொடுத்தால், தேர்வான வெர்ஷன்களை வைத்து, சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் டெஸ்ட்டுகளும் ஓடும். மேவனில் இது சுலபமில்லை. ஜாரில் பொதுவாக டெஸ்ட் வராது. ஆனால் நான் பார்த்த சிஐ கோப்புகளில் இந்தக் கட்டளை அபூர்வம். யாரோ எழுதிய டெஸ்ட் டேட்டாபேஸ் கேட்கும், நெட்வொர்க் கேட்கும், சிவப்பாகும். இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள்.

முழுசா ஓட்ட வேண்டாம். 'கோ மாட் கிராஃப்' யார் எந்த வெர்ஷன் கேட்டார்கள் என்று காட்டும். கேட்டதை விடப் பெரியது கிடைத்தவர்களை மட்டும் பொறுக்கி, அவர்களுடைய டெஸ்ட்டை ஓட்டுங்க. 'வெண்டர்' ஃபோல்டர் வைத்திருந்தால் அதைத் தவிர்த்து ஓட்டணும். மற்றவர்களின் டெஸ்ட் ஃபைல்கள் அதற்குள் வராது.