இஃப்ரீத் யார் பக்கம்?

பரங்கிப்பேட்டையில் நம் மகள் வீட்டில் ஒரு மாலை, மஃக்ரிபுக்குப் பின் பேரனுக்கு ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். அந்நம்ல் அத்தியாயம். சுலைமான் நபி (அலை) அவர்கள் தம் அவையோரை நோக்கி, சபா நாட்டு அரசியின் சிம்மாசனத்தைக் கொண்டுவருபவர் யார் என வினவும் இடம் வந்தது. ஜின்களில் ஓர் இஃப்ரீத் எழுந்து விடை கூறுகிறான் என்று பொருள் சொன்னோம். பதின்மூன்று வயதுப் பிள்ளை முகம் மலர்ந்து, "நன்னா, இஃப்ரீத் நம்ம பக்கம்தானே? கருடாவைக் கொன்னவன்தானே?" என்று கேட்டான்.

நமக்கு விளங்கவில்லை. விசாரித்தபோது, கல்லூரியில் படிக்கும் அவனுடைய காக்கா ஒருவர் விளையாடும் 'ஃபைனல் ஃபேண்டஸி 16' என்னும் வீடியோ கேமில் இஃப்ரீத் என்றொரு பாத்திரம் உண்டு என்றும், அருகே அமர்ந்து அதனைப் பார்த்தான் என்றும் தெரிந்தது. பதினெட்டு வயது நிரம்பியோருக்கென்று தரம் பிரிக்கப்பட்ட விளையாட்டு அது. பார்க்கக்கூடாது என்று அவன் உம்மா கண்டித்தாள். கண்டிப்பு நியாயமானதே. ஆயினும் அவன் கேட்ட வினாவுக்கு அது விடையாகவில்லை. திருமறையில் வரும் ஒரு சொல்லை நம்மிடமிருந்து கேட்பதற்கு முன்பே அவன் ஜப்பானியரிடமிருந்து கேட்டுவிட்டான். அச்சொல்லுக்கு ஓர் உருவமும் அவன் மனத்தில் அமைந்துவிட்டது. அரபு மொழி கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை எளிதில் கடந்துபோக இயலவில்லை. அந்தக் காக்காவை அழைத்து, திரைமுன் அமர்ந்து, பல நாள்கள் பொறுமையாகப் பார்த்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

ஃபைனல் ஃபேண்டஸி என்பது 1987-இல் ஜப்பானில் தொடங்கிய ஒரு தொடர். 1990-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பாகத்தில், வீரன் அழைத்தவுடன் தோன்றிப் போரிடும் அமானுஷ்ய உயிர்கள் புகுந்தன. அவற்றுள் ஒன்று இஃப்ரீத். கொம்பும் நகமும் கொண்ட நெருப்பு மிருகம் அது. 2023-இல் வெளிவந்த பதினாறாம் பாகத்தில் கதைத் தலைவனுக்குள்ளேயே இஃப்ரீத் உறைகிறது. அவன் சினந்தால் அது வெளிப்படுகிறது. அதே விளையாட்டில் சிவா என்ற பெயரில் ஒரு பனிப்பெண் வருகிறாள். கருடா என்பது காற்றை ஆளும் பறவைப் பெண். பஹாமூத் என்பது ஒளி உமிழும் பறக்கும் நாகம். ஆக, திருமறைச் சொல், சைவரின் இறைவன் பெயர், வைணவரின் பறவை, அரபுக் கட்டுக்கதையின் மீன் ஆகிய நான்கும் ஒரே களத்தில் ஒன்றையொன்று கிழித்துக்கொள்கின்றன.

சிதம்பரத்தில் வாழும் நம் நண்பர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், இதனைக் கேட்டுச் சிரித்தார். "ஹஜ்ரத், உங்கள் இஃப்ரீத்தாவது நெருப்பாகவே இருக்கிறான். எங்கள் கூத்தனைப் பனிப்பெண்ணாக்கிவிட்டார்களே, நாங்கள் யாரிடம் முறையிடுவது?" என்றார். அவர் ஊருக்குப் புலியூர் என்ற பெயர், புலிக்கால் பெற்ற முனிவர் ஒருவரின் கதையால் வந்தது. பாதி உடல் பாம்பான பதஞ்சலியும் அக்கதையில் உண்டு. கோயில் தூண்களில் யாளிகள் பாய்கின்றன. கலப்புருவங்கள் அவருக்குப் புதியன அல்ல. பெயர் இருக்கிறது, பெயருக்குரியவர் இல்லை என்பதே அவர் குறை. நம் குறையும் ஏறத்தாழ அதுவே.

நம்மவர் சிலர் எழுப்பும் ஒரு கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். ஜின், பேய், பூதம் என்றெல்லாம் விளையாட்டில் வருவதே தவறு, ஆகவே இதில் ஆராய ஒன்றுமில்லை என்பர் அவர்கள். இவ்வாறு கூறுவோரில் சிலரே, வீட்டில் ஒரு பெண்ணுக்கு மனம் கலங்கினால் ஜின் ஓட்டுபவனைத் தேடி ஊர் ஊராக அலைவதை நாம் கண்டிருக்கிறோம். அதை இங்கே விரிக்க வேண்டாம். ஆனால் ஜின் என்ற நம்பிக்கை வேறு, ஃகூல் என்ற கட்டுக்கதை வேறு, பஹாமூத் என்ற புனைவு வேறு. இம்மூன்றையும் விளையாட்டு செய்பவர் குழப்புவது போலவே நம் திண்ணைப் பேச்சும் குழப்பிவந்திருக்கிறது. பிச்சாவரம் சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு அலைகிறது என்று நம் இளமையில் பாட்டிமார் சொல்வர். சதுப்பு நிலத்து வாயு எரியும் வெளிச்சம் அது என்று அறிவியலார் விளக்குவர். பாட்டிமாரோ அதனை ஜின் என்றே முடிவுகட்டிவிட்டனர்.

பஹாமூத்தின் கதை சுவையானது. உலகை ஒரு வானவர் தாங்குகிறார், அவர் காலடியில் ஒரு பாறை, பாறையின் கீழ் ஒரு காளை, காளையின் கீழ் ஒரு பெருமீன் என்று பழைய அரபு அண்டவியல் நூல்கள் கூறும். 1283-இல் மறைந்த கஸ்வீனியின் 'அஜாயிபுல் மக்லூகாத்' இதற்குப் பெயர்பெற்றது. அந்த மீனே பஹாமூத். ஹதீஸ் துறை அறிஞர்கள் இத்தகைய செய்திகளை இஸ்ராயீலிய்யாத் என ஒதுக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்வர்ட் லேன் இதனை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் தம் கற்பனை உயிர்களின் நூலில் எடுத்தாண்டார். அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டைச் செய்தோர் பெயரை மட்டும் எடுத்து நாக அரசனுக்குச் சூட்டினர். அங்கிருந்து ஜப்பானுக்குப் போயிற்று. ஃபைனல் ஃபேண்டஸியின் ஏழாம் பாகத்தில் அந்தக் காளையும் வருகிறது என்று அறிந்தபோது நமக்கு வியப்பே மிகுந்தது. மீன் நாகமானதில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. கட்டுக்கதை ஊர் ஊராகச் சென்று உரு மாறுவது அதன் இயல்பு.

ஃகூலும் அவ்வாறே. பாலைவனத்தில் வழிப்போக்கனுக்குப் பல உருக்காட்டி வழிதவறச் செய்வது அரபியரின் ஃகூல். இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் தஅப்பத ஷர்ரன் தாம் ஒரு ஃகூலைக் கொன்றதாகப் பெருமை பேசினார். நபி (ஸல்) அவர்கள் ஃகூல் என்பதொன்று இல்லை எனக் கூறியதாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் உண்டு. 1704 முதல் 'ஆயிரத்தோர் இரவுக'ளைப் பிரெஞ்சில் தந்த கலான், கல்லறையைத் தோண்டிப் பிணம் தின்னும் ஃகூலை ஐரோப்பாவில் பரப்பினார். 1997-இல் தொடங்கிய 'ஃபால்அவுட்' விளையாட்டிலோ, அணுக்கதிரால் தோல் உரிந்தும் சாகாமல் வாழும் மனிதரே ஃகூல்கள். அதில் அவர்களும் மனிதரால் ஒதுக்கப்பட்டுத் துயருறுகின்றனர். மூலத்தைவிட்டு வெகுதூரம் விலகிய இந்த ஃகூலில் ஓர் இரக்கம் புகுந்துவிட்டது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இஃப்ரீத்தின் நிலை இதுவன்று. ஈண்டு நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அந்நம்ல் 38 முதல் 40 வரையுள்ள வசனங்களில் நிகழ்வது என்ன? தாங்கள் இவ்விடத்தைவிட்டு எழுமுன் கொண்டுவருவேன் என்கிறான் இஃப்ரீத். தன்னைப் பற்றி அவன் சொல்லிக்கொள்ளும் பண்புகள் இரண்டு. ஒன்று ஆற்றல், மற்றொன்று நம்பிக்கைக்குரியவன் என்பது. கவியும் அமீன் ஆகிய இவ்விரு சொற்களும் இணைந்தே வருகின்றன. உடனே வேதத்தின் அறிவு பெற்ற ஒருவர், கண் இமைக்குமுன் கொண்டுவருவேன் என்கிறார்; கொண்டும் வருகிறார். ஆற்றலை அறிவு முந்துகிறது. அரியணையைக் கண்ட சுலைமான் நபியோ (அலை) இது தம் வெற்றி எனக் கூறவில்லை; தாம் நன்றி செலுத்துகிறோமா எனச் சோதிக்க இறைவன் அளித்த அருள் என்கிறார். மூன்றே வசனங்களில் எத்தனை திருப்பங்கள்! இக்காட்சியிலிருந்து விளையாட்டு எடுத்துக்கொண்டது கவியைமட்டும். அமீன் உதிர்ந்துபோயிற்று.

நாம் கூறும் குற்றச்சாட்டு இதுவே. கொம்பு வைத்ததும் நெருப்பு வைத்ததும் பெரிதல்ல. புகையற்ற நெருப்பினால் படைக்கப்பட்டவர் என்பது அர்ரஹ்மான் 15-ஆம் வசனத்திலேயே உள்ளது. ஆனால் திருமறையின் ஜின் கடமை சுமத்தப்பட்ட படைப்பு, முகல்லஃப். அல்ஜின் அத்தியாயத்தில் அவர்கள் ஓதலைச் செவியுறுகின்றனர், சிந்திக்கின்றனர், தம்முள் நல்லோரும் அல்லாதோரும் உண்டென்று தாமே பேசிக்கொள்கின்றனர். விளையாட்டின் ஜின்னுக்கு உயிரளவு காட்டும் கோடு ஒன்று தலைமேல் ஓடுகிறது. அது தீர்ந்தால் ஜின்னும் தீர்ந்தான். தேர்ந்தெடுக்கும் உரிமை விளையாடுபவனுக்கு மட்டுமே. 'நம்ம பக்கமா' என்று பேரன் கேட்டது ஏன் எனில், அவன் கண்ட உலகில் ஜின்னைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றே. நல்லவனா என்று கேட்க அங்கே இடமில்லை.

அழைத்தவுடன் ஜின் வந்து ஏவல் செய்யும் என்பதும் எண்ணத்தக்கது. மனிதரில் சிலர் ஜின்களிடம் பாதுகாப்புத் தேடியதால் வழிகேடே மிகுந்தது என அதே அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கூறுகிறது. விளையாட்டில் பொத்தானை அழுத்தும் பிள்ளை இதைச் செய்கிறான் என்று நாம் சொல்லவில்லை, விளையாட்டு விளையாட்டே. கதையமைப்பில் எவ்வளவு வளமான முரண் வீணாயிற்று என்றே சொல்கிறோம். உதவி கேட்பவனுக்கு அந்த உதவியாலேயே சுமை ஏறுவது நல்ல நாடகமன்றோ?

உமறுப் புலவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய அவர், அரபு நாட்டில் தமிழ்நாட்டு ஆற்றையும் வயலையும் ஓடவிட்டார். உடும்பு பேசிய படலம் என்றும், ஜின்கள் ஈமான் கொண்ட படலம் என்றும் அமானுஷ்யச் செய்திகளைத் தயக்கமின்றிக் காப்பிய உறுப்புகளாக்கினார். காவியமரபுக்கேற்ற உடையை அவர் எல்லாவற்றுக்கும் அணிவித்தார். படலத்தின் தலைப்பைப் பாருங்கள். ஜின்கள் கொல்லப்பட்ட படலம் அன்று, ஈமான் கொண்ட படலம். நிலமும் உடையும் மாறியும் ஜின்னுக்குரிய பொறுப்பை அவர் மாற்றவில்லை.

வீடியோ கேம் என்ற வடிவத்தால் இது இயலாது என்று எண்ணிவிடவும் கூடாது. 2023-இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' கி.பி. 861-ஐ ஒட்டிய பக்தாதில் நிகழ்கிறது. கதைத் தலைவன் பாசிமை ஒரு ஜின் கனவிலும் தனிமையிலும் துரத்துகிறது. வெளியே உள்ள உயிர் அன்று அது, அவனுக்குள் புதைந்துகிடந்த பழைய நினைவின் உரு என்பது இறுதியில் புலனாகிறது. அதே காலத்தில் வாழ்ந்திருந்த ஜாஹிஸ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில், பாலையில் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரிதாகவும் இல்லாதது இருப்பதாகவும் தோன்றும் மனநிலையை ஆராய்ந்திருக்கிறார். விளையாட்டு செய்தவர்கள் ஜாஹிஸைப் படித்தார்களோ இல்லையோ, அவருடைய ஊருக்குப் பொருந்தும் ஒரு ஜின்னைப் படைத்துவிட்டனர். பக்தாதின் தெருக்களில் அரபு ஒலிப்பதைக் கேட்டு, இலக்கண ஆசிரியராகிய நாமே சற்று நேரம் குறை காண மறந்திருந்தோம்.

2024-இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்' காஃப் மலையைக் களமாகக் கொண்டது. பிரான்ஸில் செய்யப்பட்டதாயினும் பாரசீக மொழிக் குரலும் அதில் உண்டு. ஃபிர்தவ்சியின் ஷாநாமாவில் கைவிடப்பட்ட குழந்தை ஸாலை வளர்த்த சீமுர்ஃக் பறவை, பிரியும்போது இடர் நேர்ந்தால் எரிக்கும்படி தன் இறகைக் கொடுக்கும். விளையாட்டிலும் வீரனுக்குப் புதிய ஆற்றல்கள் சீமுர்ஃகின் இறகிலிருந்தே கிடைக்கின்றன. கதையின் உட்பொருளை விளையாட்டின் விதியாகவே ஆக்கிய இந்த இடம் பாராட்டுக்குரியது. அத்தாரின் சீமுர்ஃகைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர் என்பதும் உண்மை.

புனேயில் உருவாகி 2020-இல் வெளிவந்த 'ராஜி' துர்க்கையையும் விஷ்ணுவையும் உரையாடவைத்து, நிழற்பாவைக் கூத்தால் கதை சொல்கிறது. பெயருக்குரியவரை அறிந்தோர் செய்தது என்பது தெரிகிறது. அசுரர்கள் மட்டும் வழக்கம்போல் வெட்டுப்படுவதற்கே வருகின்றனர். கனடாவின் டொராண்டோவில் தமிழர் முன்னின்று செய்த 'வெண்பா' 2023-இல் வந்தது. சமையலும் புலம்பெயர்ந்த குடும்பமும் அதன் பொருள். அதில் பேய் இல்லை. இட்லி உண்டு.

நம்மை மிகவும் கவர்ந்தது 2014-இல் வெளிவந்த 'நெவர் அலோன்'. அலாஸ்காவின் இன்யுபியாக் மக்களின் நாட்டார் கதை அது. ஒரு சிறுமியும் வெண்ணரியும் முடிவற்ற பனிப்புயலின் காரணத்தைத் தேடிப் போகின்றனர். மூதாட்டியரும் முதியோரும் உடனிருந்து உருவாக்கியது. கதையைச் சொல்லிவந்த மறைந்த கதைசொல்லியின் மகளிடம் அனுமதி பெற்றனர். கதை அம்மக்களின் மொழியிலேயே சொல்லப்படுகிறது. ஆவிகள் அங்கே எதிரிகளாக மட்டும் இல்லை. பல இடங்களில் சிறுமி ஏறிச்செல்லும் படிகளாக நிற்கின்றன.

இதைப் பார்த்தபின் நமக்கு ஒரு காட்சி ஓயாமல் மனத்தில் வருகிறது. ஸபஃ அத்தியாயம் 14-ஆம் வசனம். சுலைமான் நபி (அலை) கைத்தடியில் சாய்ந்தவாறே இறந்துவிட்டார்கள். ஜின்கள் அறியாமல் உழைத்துக்கொண்டே இருக்கின்றனர். ஒரு பூச்சி தடியை அரித்து, உடல் சரிந்தபோதுதான், மறைவானதை அறிவோம் என்று எண்ணியிருந்தோர்க்குத் தாம் ஒன்றும் அறியாதது தெரிகிறது. நபிமாருக்கு உருவம் அளிப்பதை நாம் ஏற்கமாட்டோம். அது வேண்டியதும் இல்லை. கல் சுமக்கும் ஒரு ஜின்னின் கண்வழியே இக்கதையைச் சொல்ல முடியும். எசமானர் பார்க்கிறாரா இல்லையா என்று அறியாமல், சுமையை இறக்கிவைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் அந்த ஜின் முடிவெடுக்க வேண்டும். வெட்டுவதற்கு எவருமில்லை.

இதனைப் பேரனிடம் கூறினோம். சிறிது நேரம் யோசித்தான். "அதுல எப்படி ஜெயிக்கிறது நன்னா?" என்றான். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. அவனுடைய காக்கா இப்போது கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். வந்தால் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு, விட்ட இடமான 39-ஆம் வசனத்திலிருந்து மீண்டும் ஓதச் சொன்னோம்.