கணினிக் கலையும் காப்போர் கடமையும்

கல்லிற் செதுக்கிய சிற்பம் மழையாலும் வெயிலாலும் தேய்ந்தாலும் பல நூற்றாண்டுகள் சிற்பமாகவே நிற்கும். கணினியைக் கருவியாகக் கொண்டு ஆக்கப்படும் கலைப்படைப்பிற்கு அப்பேறு இல்லை. அதனை இயக்கும் பொறி பழுதுற்று, மாற்றுறுப்பும் கிடைக்காது போகுமாயின், படைப்பே மறைந்துவிடும். இவ்விடரை ஆராயும் நூல்களுள், ரிச்சர்டு ரைன்ஹார்ட், ஜான் இப்போலிட்டோ ஆகிய இருவரும் எழுதி 2014-இல் எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட 'ரீ-கலெக்ஷன்' குறிப்பிடத்தக்கது.

தொழில்நுட்பம், நிறுவனம், சட்டம் ஆகிய மூன்றுமே இக்கலைக்குக் கேடு சூழ்வன என்பது ஆசிரியர்களின் கருத்து. காக்கும் வழிகளாக நான்கு பேசப்படுகின்றன. பழைய பொருளையே சேமித்து வைத்தல் முதலாவது; பழைய பொறி போலவே புதிய பொறியை நடக்கச் செய்தல் இரண்டாவது; புதிய கருவிக்குப் பெயர்த்தல் மூன்றாவது; படைப்பின் கருத்தை மட்டும் கொண்டு மீண்டும் ஆக்குதல் நான்காவது.

இவற்றுள் இரண்டாம் வழிக்குச் சிறந்த சான்று 'எர்ல் கிங்' என்னும் படைப்பு. கிரகாம் வைன்பிரன், ராபர்ட்டா பிரீட்மன் ஆகியோர் 1982 முதல் 1985 வரை உழைத்து உருவாக்கிய இதில், காண்பவர் திரையைத் தொடத் தொடக் கதை வேறு வேறு வழியிற் செல்லும். இதன் பழைய கணினியும் ஒளித்தட்டுக் கருவிகளும் தளர்ந்தமையால், அவற்றைப் போல நடக்கும் புதிய அமைப்பு ஒன்று இயற்றப்பட்டது. 2004-இல் நியூயார்க்கு குகன்ஹைம் அருங்காட்சியகம் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டியது. மூலம் உயிரோடு இருக்கும்போதே படியைச் சரிபார்ப்பதே நேர்மையான முறை என்பதை அக்காட்சி நிறுவியது.

நூலின் வலிமை இசைக்குறிப்பு உவமையில் உள்ளது. குறையும் அங்கேயே உள்ளது. பாட்டின் சுரக்குறிப்பு இருந்தால் எக்கருவியிலும் வாசிக்கலாம் என்பது உண்மையே. ஏட்டிலிருந்த செய்யுள் தாளுக்கு மாறினாலும் செய்யுளே. ஆயினும், கருவியின் இயல்பையே பொருளாகக் கொண்ட படைப்பை வேறு கருவிக்கு மாற்றினால் எஞ்சுவது என்ன? மறுவாக்கம் இடர் மிக்கது என்று ஆசிரியர்களே உணர்ந்திருந்தும், கலைஞரின் இசைவைப் பெருங்காப்பாகக் கருதுகின்றனர். கலைஞரும் காலத்தால் மாறுபவரே. தம் இளமைப் படைப்பை முதுமையில் திருத்த விரும்புதல் இயல்பு. அத்திருத்தம் புதிய படைப்பாகலாம். பழையதன் பாதுகாப்பு ஆகாது.

இதற்கு விடை தருவது ஷு லியா சாங்கின் 'பிராண்டன்' என்னும் இணையப் படைப்பு. 1998-இல் குகன்ஹைம் நிறுவனத்துக்காகத் தொடங்கப்பெற்ற அதன் சில பகுதிகள் புதிய உலாவிகளில் இயங்காது போயின. நியூயார்க்குப் பல்கலைக்கழகக் கணினியியலாரின் துணையுடன் அவை 2016, 2017-ஆம் ஆண்டுகளிற் சீர்செய்யப்பட்டன. புதிய நிரல் எழுதிய இடங்களிலும் பழைய நிரலை அவர்கள் அழித்துவிடவில்லை. மாற்றியது எது, மாறாதது எது என்று பின்வருவோர் அறிய இயலும்.

பதிப்பாசிரியர் தாம் திருத்திய சொல்லின் கீழே மூலபாடத்தையும் தருவது போன்றதே இச்செயல். காப்போர் மாற்றலாம், மாற்றியதை மறைத்தல் ஆகாது. இந்நெறியை முதன்மையாக்கியிருப்பின் நூல் மேலும் சிறந்திருக்கும். எனினும் கேள்வியைத் தெளிவாக எழுப்பிய பெருமை அதற்கு உரியது.